எட்டு எட்டாக ஊமையான கட்டைகள்: பழைய 88 கட்டை கன்ட்ரோலர் வாங்கியது பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

2024 பிப்ரவரியில் தொடங்கி அந்த ஆண்டு டிசம்பரில் முடிந்த ஒரு கொள்முதலின் பதிவு இது. வாங்கியவர் சென்னை மேற்கு மாம்பலத்தில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருப்பவர். குறும்படங்களுக்கும் உள்ளூர் விளம்பரங்களுக்கும் பின்னணி இசை செய்து கொடுக்கிறார். பத்துக்கு ஒன்பது அடி அறைதான் ஸ்டுடியோ. ஒரு லேப்டாப், இரண்டு மைக் செருகும் சிறிய ஆடியோ இன்டர்ஃபேஸ், ஹெட்ஃபோன், 49 கட்டை கன்ட்ரோலர் ஆகியவை இருந்தன. கன்ட்ரோலர் என்றால் தானாக ஒலி எழுப்பாமல், எந்தக் கட்டை எப்படி அழுத்தப்பட்டது என்பதைக் கணினிக்கு அனுப்பும் கீபோர்டு. சிறு வயதில் சில ஆண்டுகள் முறையாகப் பியானோ கற்றவர்.

அவருக்கு இருந்த சிக்கல் இதுதான். 49 கட்டையும் ஸ்பிரிங் கட்டைகள். அதில் பியானோ வாசித்துப் பதிவு செய்தால், மிடியில் (இசைக்கருவியும் கணினியும் பேசிக்கொள்ளும் பொது முறை) 1 முதல் 127 வரை போகக்கூடிய வெலாசிட்டி எண்கள், அதாவது அடியின் வேகத்தைச் சொல்லும் எண்கள், பெரும்பாலும் 85க்கும் 110க்கும் நடுவிலேயே விழுந்தன. விரல் அழுத்தத்தைத் தாங்கி நிற்க ஸ்பிரிங்கில் எடை இல்லை. மெல்ல வாசிக்க நினைத்தாலும் கட்டை சட்டென்று அடிவரை போய்விடும். பிறகு மவுஸை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சுரமாக எண்ணைக் குறைத்துக்கொண்டிருப்பார். இரண்டு நிமிடப் பியானோப் பகுதிக்கு ஒரு மாலை முழுக்கப் போய்விடும்.

வெயிட்டட் கட்டை என்றால் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் சிறு சுத்தியல் போன்ற எடையுள்ள நெம்பு ஒன்று இருக்கும். கட்டையை அழுத்தும்போது அந்த எடையைத்தான் விரல் தூக்குகிறது. செமி-வெயிட்டட் வேறு வகை. அதில் ஸ்பிரிங்கோடு கட்டையின் நுனியில் ஒரு துண்டு எடை மட்டும் ஒட்டியிருக்கும். பழைய பொருள் விளம்பரங்களில் இரண்டையும் 'வெயிட்டட்' என்றே போடுகிறார்கள். கட்டையின் நுனியைப் பக்கவாட்டில் பார்த்தாலோ, ஒரு முறை அழுத்தி விட்டுத் திரும்பி வரும் வேகத்தைப் பார்த்தாலோ தெரிந்துவிடும். சுத்தியல் உள்ளது நிதானமாக ஏறும், ஸ்பிரிங் துள்ளும்.

மேசை, கேபிள், வண்டி எல்லாம் சேர்த்துப் பட்ஜெட் 18,000 ரூபாய். புதிய 88 கட்டை வெயிட்டட் கருவிக்கு இதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஆகும் என்பதால் பழையது வாங்குவதென்று முடிவானது. மெல்லிசைக் குழுக்களுக்குக் கீபோர்டு பழுதுபார்க்கும் நண்பர் ஒருவர் உடன் போனார்.

பார்த்த மூன்று கருவிகள்

முதலாவது தாம்பரத்தில் ஒரு யமஹா பி-45. இது கன்ட்ரோலர் இல்லை, டிஜிட்டல் பியானோ. ஆனால் பின்னால் யூஎஸ்பி இருப்பதால் கன்ட்ரோலராகவும் பயன்படும். எடை 11.5 கிலோ, எல்லாக் கட்டையும் சரியாக இருந்தது. 24,000 கேட்டார்கள், 22,000க்குக் கீழே இறங்கவில்லை. பட்ஜெட்டைக் காரணம் காட்டி விட்டுவிட்டார்கள். இந்த முடிவைப் பற்றிப் பின்னால் பேச வேண்டியிருக்கிறது.

இரண்டாவது வேளச்சேரியில், 9,000 ரூபாய். 'ஃபுல் வெயிட்டட்' என்ற விளம்பரம், போய்ப் பார்த்தால் செமி-வெயிட்டட். கருவியைத் திருப்பியதும் அடித்தகட்டின் ஓரம் நெடுக ஒரே உயரத்தில் மெல்லிய மண்கோடு தெரிந்தது. அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்த திருகுகள் மட்டும் துருப்பிடித்திருந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அந்தப் பகுதி மூழ்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. தண்ணீரில் நின்ற கருவி அன்றைக்கு வேலை செய்தாலும் செம்புத் தடங்கள் உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும். சென்னையில் பழைய மின்னணுப் பொருள் வாங்குபவர் முதலில் அடிப்பக்கத்தைத்தான் பார்க்க வேண்டும். அங்கே பத்து நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை.

மூன்றாவது சாலிகிராமத்தில், மூடப்போகும் சிறிய ரெக்கார்டிங் ஸ்டுடியோ ஒன்றில் இருந்தது. பன்னிரண்டு ஆண்டுப் பழைய 88 கட்டை கன்ட்ரோலர், முழுச் சுத்தியல் அமைப்பு, இரும்பு அடித்தகடு, 21 கிலோ. விலை 16,000. விற்பவர், "மூணு கட்டை மட்டும் அப்பப்ப பேசாது தம்பி, மத்ததெல்லாம் கல்லு மாதிரி இருக்கு" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

சாலிகிராமத்தில் செய்த சோதனை

கையோடு கொண்டு போனவை: லேப்டாப், யூஎஸ்பி கேபிள், மிடி செருகும் ஐந்து முள் சாக்கெட் உள்ள இரவல் இன்டர்ஃபேஸ், மிதித்தால் சுரத்தை நீளவைக்கும் சஸ்டெய்ன் பெடல், மல்டிமீட்டர், டார்ச், எண்பத்தெட்டு கட்டம் போட்ட ஒரு தாள். லேப்டாப் இல்லாதவர்கள் ஆண்ட்ராய்டு போனையும் ஓடிஜி கேபிளையும் வைத்தே மிடி எண்களைப் பார்க்கலாம். ஆனால் கணினியிலிருந்து மின்சாரம் எடுக்கும் பெரிய கன்ட்ரோலருக்குப் போனின் மின்சாரம் போதாமல் போகலாம். அப்போது அடாப்டரும் வேண்டும்.

முதலில் அடாப்டர். கருவியின் பின்னால் அச்சிட்டிருந்த வோல்ட்டும், நடு முள் பிளஸ்ஸா மைனஸ்ஸா என்ற குறியும் அடாப்டரில் உள்ளதோடு பொருந்துகின்றனவா என்று பார்த்தார்கள். பொருந்தின. வெளிநாட்டிலிருந்து வந்த கருவியானால் அடாப்டர் 120 வோல்ட்டுக்கு மட்டும்தானா என்றும் பார்க்க வேண்டும். நம் வீட்டு 230 வோல்ட்டில் அது ஒரு நொடியில் போய்விடும்.

அடுத்து யூஎஸ்பி. லேப்டாப் கருவியை அடையாளம் காணவில்லை. எந்தக் கணினியிலும் தானே வேலை செய்யும் பொது முறையில் அந்தக் கருவி பேசுவதில்லை, தயாரித்தவரின் சொந்த டிரைவர் மென்பொருள் வேண்டும். அந்த டிரைவர் விண்டோஸ் 11க்கு வெளிவரவே இல்லை. பழைய கன்ட்ரோலர்கள் பல மலிவாகக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இதற்கு மாற்று வழி உண்டு. 1983 முதல் மாறாமல் இருக்கும் ஐந்து முள் மிடி அவுட் வழியாக இணைத்தால் டிரைவர் பேச்சே இல்லை. இரவல் இன்டர்ஃபேஸில் செருகியதும் எண்கள் ஓடத் தொடங்கின.

விற்பவர் பியானோ ஒலியை ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னார். நண்பர் மறுத்தார். "சவுண்டு வேணாம் சார், நம்பர் போதும்" என்றார். காரணம் உண்டு. நல்ல பியானோ ஒலி எதிரொலியோடு வரும்போது, ஒரு கட்டை வெலாசிட்டி 60க்குப் பதில் 75 அனுப்பினால் காதுக்கு எட்டாது. திரையில் எண்ணாக வந்தால் தப்பாது.

மிடியில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு வரிசை எண்ணும் உண்டு. நடு ஸி 60. 88 கட்டைக் கருவியின் முதல் கட்டை 21, கடைசிக் கட்டை 108. அந்த வரிசையில் மூன்று சுற்று போனார்கள். முதல் சுற்றில் ஒவ்வொரு கட்டையையும் மெல்ல அழுத்தினார்கள். இரண்டாவதில் நடுத்தர வேகத்தில் ஒவ்வொன்றையும் ஐந்து முறை. மூன்றாவதில் ஓங்கி ஒரு முறை. விட்டதும் சுரம் நிற்கிறதா என்றும் பார்த்தார்கள். நாற்பது நிமிடம் ஆனது. விற்பவர் இடையில் டீ வரவழைத்தார். அதைக் கருவிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம் என்று அவரே சொன்னது பிறகு ஒரு துப்பாக ஆயிற்று.

தாளில் விழுந்த குறிப்புகள் இவை:

பேசாமல் விட்டுவிட்டுப் பேசிய கட்டைகள்: 66, 74, 82, 90, 98, 106.

மெல்ல அழுத்தினாலும் வெலாசிட்டி 110க்கு மேல் கத்திய கட்டைகள்: 48, 49, 50, 51, 52. பக்கத்தில் இருந்த 47ம் 53ம் அதே அழுத்தத்துக்கு 25 முதல் 35 வரை கொடுத்தன.

மெதுவாகத் திரும்பி ஏறிய கட்டை: 67.

விற்பவர் மூன்று கட்டை என்று சொன்னதில் பொய் இல்லை. மேல் ஸ்தாயியின் 90, 98, 106ஐ அவர் ஸ்டுடியோவில் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

எண்கள் சொன்னது என்ன

பழைய கட்டைக் கருவியில் எத்தனை கட்டை கெட்டிருக்கிறது என்பதைவிட, எந்த வரிசையில் கெட்டிருக்கிறது என்பதே முக்கியம். 66 முதல் 106 வரையுள்ள ஆறு எண்களையும் கழித்துப் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் இடையில் எட்டு.

எண்பத்தெட்டு கட்டைக்கும் தனித்தனிக் கம்பி இழுத்து மூளைச் சிப்புக்குக் கொண்டு போவதில்லை. கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக, எட்டுக் கோடு ஒரு பக்கமும் மீதிக் கோடுகள் மறுபக்கமுமாகக் கட்டம் போல இணைத்து, சிப் ஒவ்வொரு கோடாக மிக வேகமாகத் தட்டிக் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த எட்டில் ஒரு கோடு அறுந்தால் எட்டு எட்டுக் கட்டை தள்ளித் தள்ளி ஊமையாகும். ஆறு வெவ்வேறு கட்டையின் ரப்பரில் அழுக்குச் சேர்ந்து, அது தற்செயலாக எட்டு எட்டாக அமைவது நடக்காத காரியம். ஆக, ஆறு பழுது இல்லை, ஒரே பழுது. இடப்பக்கத்தில் 58ம் 50ம் ஊமையாகாததால் வலப் பாதிக்குத் தனிப் பலகை இருக்கிறது என்பதும், கோளாறு அந்தப் பலகைக்குப் போகும் கேபிளிலோ அதன் இணைப்பிலோ இருக்கிறது என்பதும் ஊகம். ஊமையான 74ஐ அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலப்பக்க மேல்மூடியை உள்ளங்கையால் ஊன்றி அமுக்கினார் நண்பர். சுரம் வந்தது. கையை எடுத்தார், அடுத்த அழுத்தத்தில் போய்விட்டது.

48 முதல் 52 வரை கதை வேறு. அடுத்தடுத்த ஐந்து கட்டை. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு ரப்பர்க் குமிழ், அதற்குள் கரிப் பொட்டு இரண்டு. கட்டை இறங்கும்போது முதல் பொட்டு கொஞ்சம் முன்னாலும் இரண்டாவது கொஞ்சம் பின்னாலும் பலகையைத் தொடும். அந்த இடைவெளி நேரத்தை அளந்துதான் வெலாசிட்டி எண் பிறக்கிறது. நேரம் குறைந்தால் பலமான அடி என்று கருவி நினைத்துக்கொள்ளும். முதல் பொட்டில் அழுக்கு இருந்தால் அது தாமதமாகத் தொடும், இடைவெளி சுருங்கும், மெல்லத் தொட்டாலும் கட்டை கத்தும். இரண்டாவது பொட்டில் அழுக்கு இருந்தால் நேர்மாறு. சுரம் வலுவிழந்து வரும், அல்லது வராது. அடுத்தடுத்து ஐந்து கட்டை கத்துவதால் மேலிருந்து எதுவோ சிந்தியிருக்கிறது என்று முடிவு செய்தார்கள். டீ பற்றிய எச்சரிக்கை அப்போது நினைவுக்கு வந்தது.

விலையும் முடிவும்

வாங்கலாம் என்று முடிவு செய்ததற்குக் காரணம், கண்ட மூன்று கோளாறுக்கும் உதிரிபாகம் எதுவும் தேவைப்படவில்லை என்பதே. பன்னிரண்டு ஆண்டுப் பழைய கருவிக்கு ரப்பர்ப் பட்டையோ பலகையோ புதிதாகக் கிடைக்கும் என்று நம்பி வாங்கக் கூடாது. ஒரு கட்டையின் சுத்தியல் முறிந்திருந்தாலோ, எட்டு எட்டு ஊமையோடு அடுத்தடுத்த ஊமையும் ஒரே பலகையில் கலந்திருந்தாலோ விட்டுவிட்டு வந்திருப்பார்கள்.

பேரத்துக்கு முன்பே உச்ச விலையைக் கணக்கிட்டிருந்தார்கள். 18,000 ரூபாயில் மேசைக்கு 2,600, ஐந்து முள் மிடியை லேப்டாப்பின் யூஎஸ்பியில் இணைக்கும் நல்ல யூஎஸ்பி மிடி கேபிளுக்கு 3,000, வண்டிக்கு 700 கழித்தால் மிச்சம் 11,700. தாளை விற்பவரிடம் அப்படியே காட்டினார்கள்.

"மூணு இல்ல சார், ஆறு. இந்த அஞ்சும் வேற கத்துது. யூஎஸ்பியும் எடுக்கல."

"பிரிச்சுப் பாத்து சரி வரலன்னா திரும்ப எடுத்துட்டு வரக் கூடாது தம்பி."

"வர மாட்டோம் சார். அதுக்குத்தான் இந்த வெல."

11,500க்கு முடிந்தது. தாளை மறைத்து வைத்துக்கொண்டு குறை சொல்லியிருந்தால் பேரம் இவ்வளவு நேர்மையாக முடிந்திருக்காது என்பதே எங்கள் எண்ணம்.

வண்டி குட்டியானை. கருவி 140 சென்டிமீட்டர் நீளம், ஆட்டோவில் சாய்த்துத்தான் வைக்க முடியும். சுத்தியல் கட்டைக் கருவியைச் செங்குத்தாக நிறுத்தி மேடு பள்ளத்தில் கொண்டு போனால் சுத்தியல்கள் இருக்கையை விட்டு நழுவக்கூடும். இரண்டு ஜமக்காளத்தைச் சுற்றி, கட்டை மேலே பார்க்கப் படுக்கவைத்தே எடுத்துப் போனார்கள்.

பிரித்து வேலை செய்தது

முதல் மாலை. கருவியை இரண்டு தலையணைக்கு மேல் கவிழ்த்து, குமிழ்களும் ஸ்லைடர்களும் நசுங்காமல் வைத்தார்கள். அடித்தகட்டில் இருபதுக்கும் மேற்பட்ட திருகுகள், மூன்று நீளங்களில். கழற்றிய வரிசைப்படியே முட்டை அட்டையின் குழிகளில் போட்டார்கள். இது சின்ன விஷயமாகத் தோன்றும். நீளத் திருகைக் குட்டைத் திருகின் ஓட்டையில் முறுக்கினால் அது மேல்மூடியைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். ஒவ்வொரு கேபிளையும் கழற்றும் முன் போனில் படம் எடுத்தார்கள்.

வலப்பக்கப் பலகைக்கு வந்த தட்டைக் கேபிளின் முனையில் முள்கள் மங்கலாக, லேசாகப் பச்சை பூத்திருந்தன. மின்னணுச் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் வாங்கிய கான்டாக்ட் கிளீனரை அடித்து, ஆறேழு முறை செருகி எடுத்தார்கள். 66 முதல் 106 வரை எல்லாம் பேசின. அத்தோடு நிறுத்தியதுதான் இந்த வேலையில் நடந்த முதல் தவறு.

இரண்டாவது மாலை ரப்பர்ப் பட்டை. 48 முதல் 52 வரைக்கான பலகையை அடியிலிருந்து கழற்றிப் பார்த்தால், எதிர்பார்த்தபடியே, காய்ந்த பழுப்புக் கறை. சர்க்கரை போட்ட டீ அல்லது காபி. வழக்கமாக எல்லோரும் சொல்வது ஐசோபுரோபைல் ஆல்கஹால். ஆனால் சர்க்கரை ஆல்கஹாலில் கரையாது. கறையை இங்கிருந்து அங்கே இழுத்துப் பூசத்தான் அது உதவும். முதலில் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரில் நனைத்த காட்டன் பட்ஸால் கறையைக் கரைத்தார்கள், நான்கைந்து பட்ஸ் பழுப்பானது. அதன் பிறகே 99 சதவீத ஆல்கஹாலால் துடைத்து ஈரத்தைப் போக்கினார்கள். மருந்துக் கடையில் காயத்துக்குத் தரும் ஸ்பிரிட்டில் தண்ணீர் நிறைய, சிலவற்றில் வாசனைப் பொருளும் இருக்கும். அது வேண்டாம். ரப்பர்ப் பட்டையை மட்டும் ஒரு சொட்டுப் பாத்திரம் துலக்கும் சோப்புக் கரைத்த வெதுவெதுப்பான நீரில் அலசி, ஃபேனுக்கு அடியில் இரவு முழுக்க உலர வைத்தார்கள்.

கரிப் பொட்டைப் பென்சில் ரப்பரால் தேய்க்கலாம், உப்புத்தாளால் லேசாக உரசலாம் என்று யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கரி மெல்லிய பூச்சு. தேய்ந்தால் திரும்ப வராது. துடைத்தால் போதும். பட்டையைத் திரும்பப் பொருத்தும்போது அதன் சிறு காம்புகளை ஒவ்வொன்றாக ஓட்டைக்குள் முனை மழுங்கிய பல்குச்சியால் அழுத்தி இறக்க வேண்டும். ஒரு காம்பு வெளியே மடங்கி நின்றாலும் குமிழ் சாய்ந்து அந்தக் கட்டையின் எண் பிசகும். முதல் முறை 51 அப்படிப் பிசகி, மறுபடி பிரிக்க வேண்டி வந்தது. பிறகு ஐந்தும் அக்கம்பக்கத்தோடு ஒத்து 25க்கும் 40க்கும் இடையில் வந்தன.

67ன் மந்தத்துக்குக் காரணம் அச்சில் இறுகிப்போன பழைய கிரீஸ். துடைத்துவிட்டு, பிளாஸ்டிக்கைத் தின்னாத சிலிக்கான் கிரீஸ் ஒரு கடுகளவு வைத்தார்கள். துரு நீக்கும் ஸ்பிரேயை இங்கே அடிக்கக் கூடாது. ரப்பரிலும் கரியிலும் பரவிவிடும்.

திரும்பி வந்த பழுது

நான்காம் நாள் 66, 74, 82 மறுபடி ஊமை. மேலே உள்ள 90, 98, 106ம் அதேபோல ஊமை.

இந்த முறை நண்பர் மல்டிமீட்டரைத் தொடர்பு ஒலிக்கும் நிலையில் வைத்து, கேபிளின் ஒவ்வொரு இழையையும் முனைக்கு முனை தொட்டுப் பார்த்தார். எல்லாம் ஒலித்தன. அப்படியானால் கேபிள் நல்லது. பலகையில் கேபிள் செருகும் சாக்கெட்டின் பற்றவைப்புகளை போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தபோது கிடைத்தது விடை. வலமிருந்து மூன்றாவது முள்ளைச் சுற்றி, ஈயத்தில் முடி அகலத்தில் ஒரு வட்டக் கீறல். வெறும் கண்ணுக்கு அது பளபளப்பான முழுப் பற்றவைப்பு. முள்ளைப் பல்குச்சியால் தள்ளினால் அசைவது தெரிந்தது. பன்னிரண்டு வருடம் கட்டைகள் அடித்த அதிர்ச்சி அந்தப் பலகை வழியாகத்தானே போயிருக்கிறது. முதல் நாள் கேபிளைச் செருகி எடுத்தபோது முள் கொஞ்சம் நகர்ந்து தற்காலிகமாகத் தொட்டுக்கொண்டது. சுத்தம் செய்ததால் சரியானது என்று நினைத்துவிட்டார்கள்.

25 வாட் சோல்டரிங் அயர்ன், கொஞ்சம் ஃபிளக்ஸ். பழைய ஈயத்தை உருக்கி உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைத்தார். ஒரு முள் விட்டிருந்தால் மற்றவையும் களைத்திருக்கும் என்று அந்தச் சாக்கெட்டின் எல்லா முள்ளையும் செய்தார். அந்தக் கோளாறு அதன் பிறகு வரவில்லை.

வீட்டில் தெரியவந்தவை

சாலிகிராமத்தில் பெடலைக் கொண்டு போயும் செருகிப் பார்க்க மறந்திருந்தார்கள். வீட்டில் செருகினால் தலைகீழாக வேலை செய்தது, மிதித்தால் நிற்கிறது, விட்டால் நீள்கிறது. பெடல்களில் மிதிக்கும்போது இணைவது ஒரு வகை, மிதிக்கும்போது பிரிவது இன்னொரு வகை. கருவியை ஆன் செய்யும் நொடியில் பெடல் எந்த நிலையில் இருக்கிறதோ அதையே 'மிதிக்காத நிலை' என்று இந்தக் கருவி எடுத்துக்கொள்ளும். பெடல் மேல் கால் வைத்துக்கொண்டே ஆன் செய்திருக்கிறார். காலை எடுத்துவிட்டு ஆன் செய்ததும் சரியாயிற்று.

கேபிளில் பணம் போனது. 3,000 ஒதுக்கியிருந்தும், 450 ரூபாய்க்குப் பெயரில்லாத யூஎஸ்பி மிடி கேபிள் ஒன்றை முதலில் வாங்கினார். தனிச் சுரங்களுக்கு ஒழுங்காக இருந்தது. பெடலோடு இரண்டு கையிலும் நிறைய சுரம் வந்தால் சுரம் தொங்கிக்கொண்டது. 'நிறுத்து' என்ற செய்தியை நடுவழியில் தவறவிட்டதுதான் காரணம். 2,900 ரூபாய்க்கு நல்ல கேபிள் வாங்கிய பிறகு தொங்கவில்லை. ஐந்து முள் மிடி மெதுவானது என்ற பயமும் இருந்தது. கணக்குப் போட்டால், நொடிக்கு 31,250 பிட் வேகத்தில் ஒரு சுரத்தின் மூன்று பைட் செய்திக்கு ஒரு மில்லிசெகண்டுக்குச் சற்றுக் குறைவு. பத்து விரலும் ஒரே நேரத்தில் விழுந்தாலும் கடைசிச் சுரம் பத்து மில்லிசெகண்டுக்குள் வந்துவிடும். பியானோ வாசிக்க இது இடைஞ்சல் இல்லை.

பெரிய விஷயம் சத்தம். ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு இரவு பதினோரு மணிக்கு வாசித்த மூன்றாம் நாள், கீழ் வீட்டுப் பாட்டி படியேறி வந்தார். "மேல யாரோ உரல்ல இடிக்கிற மாதிரி இருக்குப்பா." வாசிப்பவருக்கு ஹெட்ஃபோனில் பியானோ கேட்கிறது, அவருக்கு உத்தரம் வழியாக இடி மட்டும் கேட்கிறது. கட்டை கீழே வந்து உட்காரும் ஃபெல்ட் பட்டை பன்னிரண்டு வருடத்தில் நசுங்கி அட்டை போல ஆகியிருந்தது. ஸ்டுடியோவில் ஏசி ஓடிக்கொண்டிருந்ததால் இது காதில் படவே இல்லை.

ஆர்மோனியம் பழுதுபார்ப்பவர் ஒருவரிடமிருந்து கம்பளி ஃபெல்ட் வாங்கினார்கள். கைவினைக் கடையில் விற்கும் வண்ண ஃபெல்ட் சீக்கிரமே நசுங்கிவிடும். முதலில் வாங்கியது 6 மில்லிமீட்டர் கனம். தடிமன் அதிகமென்றால் சத்தம் குறையும் என்ற நினைப்பு. ஒட்டி முடித்துச் சோதித்தால், மெல்ல அழுத்திய கட்டைகளில் பாதி பேசவில்லை. கட்டையின் மொத்த இறக்கமே ஏறத்தாழ 10 மில்லிமீட்டர். ஃபெல்ட் அதில் இரண்டைத் தின்றுவிட்டதால் இரண்டாவது கரிப் பொட்டு பலகையைத் தொடும் முன்பே கட்டை நின்றுவிட்டது. பிரித்தெடுத்து, பழைய பட்டையின் நசுங்காத ஓரத்தை அளந்து 4 மில்லிமீட்டர் போட்டார்கள். நடு ஸ்தாயிகளுக்கு மட்டும் மாற்றினால் போதாது, முழு நீளத்துக்கும் ஒரே துண்டாகப் போட வேண்டும். இல்லையென்றால் இரண்டு பட்டையும் சேரும் இடத்தில் கட்டைகளின் மட்டம் ஏறி இறங்கும். இருபக்க டேப் ஏப்ரல், மே வெயிலில் இளகி நகரும். வெள்ளைப் பசை ஃபெல்ட்டுக்குள் ஊறி அதை விறைப்பாக்கும். கான்டாக்ட் பசையை இரண்டு ஓரத்தில் மட்டும் மெல்லிசாகத் தடவினார்கள்.

ஒற்றைக் குறுக்குச் சட்டமுள்ள எக்ஸ் ஸ்டாண்டு 21 கிலோவை ஆடவிடும் என்பதால், தெருக்கோடித் தச்சரிடம் பிளைவுட் மேசை செய்தார்கள். 145க்கு 40 சென்டிமீட்டர், வெள்ளைக் கட்டையின் மேற்பரப்பு தரையிலிருந்து 73 சென்டிமீட்டர் வருமாறு. கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர்த் துண்டுகள். ஃபெல்ட்டும் ரப்பரும் சேர்ந்த பிறகு பாட்டியிடமே கேட்டார். கேட்கிறது, ஆனால் தூங்க முடிகிறது என்றார். இரவு பத்துக்கு மேல் வாசிப்பதில்லை என்று வைத்துக்கொண்டார்.

விளைவும் கணக்கும்

கருவி 11,500. வண்டி 700. மேசை 2,600. நல்ல கேபிள் 2,900. இதுவரை 17,700. இதற்கு மேல் கிளீனர், ஆல்கஹால், ஈயம், கிரீஸ் 650, இரண்டு ஃபெல்ட் 700, வீணான கேபிள் 450. மொத்தம் 19,500, பட்ஜெட்டைவிட 1,500 கூடுதல். நண்பர் கூலி வாங்கவில்லை. பிரித்ததும் பூட்டியதும் மொத்தம் ஆறு மாலைகள்.

வாசிப்பில் வந்த மாற்றம் எண்ணிலேயே தெரிந்தது. ஜூனில் பதிவான ஒரு பியானோப் பகுதியில் வெலாசிட்டி 28 முதல் 112 வரை பரவியிருந்தது. பியானோ மென்பொருளின் வெலாசிட்டி வளைவை (எந்த எண்ணுக்கு எவ்வளவு சத்தம் என்ற அமைப்பை) கொஞ்சம் இளக்கியதைத் தவிர அவர் கையால் எண் திருத்தவில்லை. ஸ்பிரிங்குக்குப் பழகிய கை இந்த எடைக்கு வர மூன்று வாரம் ஆனது. முதல் வாரம் மணிக்கட்டு வலித்தது. பழைய 49 கட்டையை விற்கவில்லை. தபலா, டிரம்ஸ் தட்ட அதுவே வசதி.

மாற்றிச் செய்ய வேண்டியவை

தாம்பரத்து பி-45ஐ விட்டது சரியா? அதற்கு 22,000, வண்டி, மேசை சேர்த்தால் 25,300. வித்தியாசம் 5,800 ரூபாய். சோல்டரிங் தெரிந்த நண்பர் இல்லாத ஒருவர் இந்தப் பதிவைப் படித்துவிட்டுச் சாலிகிராமத்துக் கருவி போன்ற ஒன்றை வாங்கக் கூடாது. ஆறு மாலைக்குக் கூலி கொடுத்தால் அந்த வித்தியாசம் அதிலேயே கரைந்துவிடும், பழுது திரும்பி வந்தால் இன்னொரு முறை கரையும். அவருக்கு பி-45 போன்றதுதான் சரி. நண்பர் இருந்ததால்தான் இந்தக் கொள்முதல் நியாயமாகிறது.

அங்கேயே ஏசியையும் ஃபேனையும் நிறுத்திவிட்டு, ஒலி இல்லாமல் ஒரு நிமிடம் வேகமாக வாசித்துக் கேட்டிருக்க வேண்டும். மாடி வீட்டுக்காரர்கள் இதைத் தவறவே விடக் கூடாது. பெடலைச் சோதனைத் தாளின் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும். பழுதுச் சாமான்களுக்கென்று 1,500 ரூபாய் தனியாக ஒதுக்கி, கருவிக்கு 10,000க்கு மேல் போகாமல் இருந்திருக்க வேண்டும். இணைப்பைச் செருகி எடுத்து ஒரு பழுது மறைந்தால், பற்றவைப்பையும் அதே மாலையில் பார்த்துவிட வேண்டும். மூடியைத் திறந்திருக்கும்போது அதற்குப் பத்து நிமிடம், மூடிய பிறகு மறுபடி இருபது திருகு.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த டிசம்பர் கடைசியில், அதே கட்டத் தாளைப் புதிதாக நகலெடுத்து மூன்று சுற்றையும் மறுபடி செய்தார்கள். ஆறு ஊமைக் கட்டைகளும் பேசின. 48 முதல் 52 வரை 27க்கும் 38க்கும் இடையில். 67 மட்டும் குளிர்ந்த காலையில் மற்றவற்றைவிட ஒரு கண்ணிமைப்பு தாமதமாக ஏறுகிறது. அடுத்த முறை பிரிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தாளில் குறித்து, மேசையின் அடிப்பலகையில் டேப்பால் ஒட்டி வைத்திருக்கிறார்கள்.